பாத்தியில் படரும் 'ஸ்ட்ராபெரி': பழத்துக்கு முன்னாடி பூவைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டு முழுசா பேசப் போறோம். அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிற ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருக்கார். சுருக்கமா சொல்லிடறேன்.

"அக்கா, புதுசா ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருக்கோம். பின்பக்கம் ஒரு பாத்தி இருக்கு. அதுல தக்காளியும் வெண்டையும் போடலாம்னு பார்த்தா, ஸ்ட்ராபெரி மாதிரி ஒரு செடி பாதிப் பாத்தியைப் பிடிச்சிருக்கு. நாங்க நடல. சின்னச் சின்னதா சிவப்புப் பழம் வேற. மூணு வயசுப் பாப்பா ரெண்டு பழத்தைப் பறிச்சு வாயில போட்டுக்கிட்டா. மொபைல் ஆப்ல இலையை போட்டோ எடுத்துப் பார்த்தா ஒரு தடவை 'வைல்ட் ஸ்ட்ராபெரி'னு வருது, இன்னொரு தடவை வேற பேர் வருது. ஊர்லேர்ந்து வந்திருக்கிற அம்மா, 'காய்க்கிற செடியைப் பிடுங்காதே'ன்னு சொல்றாங்க. பிடுங்கவா, விடவா?"

நல்ல கேள்வி. இதுக்குள்ள மூணு கேள்வி இருக்கு. பாப்பாவுக்கு ஏதாவது ஆகுமா? இது என்ன செடி? இதை என்ன பண்றது? அதே வரிசையில போவோம்.

முதல்ல பாப்பா

தம்பி அனுப்பின படங்கள்ல மஞ்சள் பூவும் நிமிர்ந்து நிக்கிற சிவப்புப் பழமும் தெளிவா தெரியுது. அந்தச் செடியோட பழத்துல விஷம் இல்ல. சுவையும் இல்லாததால பாப்பா மூணாவது பழம் கேட்டிருக்க மாட்டா. அதனால பயப்பட வேண்டாம்.

ஆனா பொதுவா ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. பேர் தெரியாத செடியோட பழத்தையோ இலையையோ குழந்தை தின்னுட்டா, முதல்ல ஆப்பைத் திறக்காதீங்க, இந்த பாட்காஸ்டையும் தேடாதீங்க. அமெரிக்காவில் இருக்கிறவங்க விஷ முறிவுத் தகவல் மையத்துக்குப் போன் பண்ணணும்: 1-800-222-1222. 24 மணி நேரமும் இலவசம். செடியோட ஒரு கிளையைப் பறிச்சுக் கையில வெச்சுக்கோங்க, அவங்க கேக்கிற அடையாளத்தைச் சொல்ல உதவும். குழந்தை மூச்சு விட சிரமப்பட்டாலோ மயக்கமா இருந்தாலோ நேரா 911.

இன்னொண்ணு. செடியில விஷம் இல்லன்னாலும், அது வளர்ற மண்ணுல முன்னாடி குடியிருந்தவங்க என்ன மருந்து தெளிச்சாங்கன்னு நமக்குத் தெரியாது. வாடகை வீட்டுத் தோட்டத்துல இது முக்கியம். "தோட்டத்துல எதையும் அம்மா அப்பாகிட்ட காட்டாம வாயில வைக்கக் கூடாது" என்கிற பழக்கத்தை மூணு வயசுலயே சொல்லிக் கொடுத்துடலாம்.

அப்போ இது என்ன செடி?

இங்கிலீஷ்ல இதை மாக் ஸ்ட்ராபெரின்னு சொல்றாங்க, அதாவது போலி ஸ்ட்ராபெரி. இன்னொரு பேர் இந்தியன் ஸ்ட்ராபெரி. தாவரவியல் பேர் பொட்டென்டில்லா இண்டிகா. பழைய புத்தகங்கள்ல டூஷெஸ்னியா இண்டிகான்னு இருக்கும். ரெண்டும் ஒரே செடிதான்.

ஆப் ஏன் தடுமாறுது? நீங்க இலையை மட்டும் படம் எடுத்தீங்க, அதனாலதான். ஸ்ட்ராபெரிக்கும் இதுக்கும் இலை ஒரே அமைப்பு. ஒரு காம்புல மூணு சிற்றிலை, விளிம்பெல்லாம் பல் பல்லா இருக்கும். ரெண்டும் தரையோட தரையா படரும், ரெண்டும் ஓடுதண்டு விடும். ரெண்டுமே ரோஜாக் குடும்பம், கிட்டத்துச் சொந்தம். இலையை மட்டும் வெச்சு முடிவு பண்ணாம, மூணு இடத்தைப் பாருங்க.

*ஒண்ணு, பூவோட நிறம்.* காட்டு ஸ்ட்ராபெரிக்குப் பூ வெள்ளை. போலிக்குப் பூ மஞ்சள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துடும். மஞ்சள் பூ இருந்தா அது தின்கிற ஸ்ட்ராபெரி கிடையாது. பூ ரோஸ் கலர்ல இருந்தா? அழகுக்காக வளர்க்கிற சில கலப்பு ஸ்ட்ராபெரி வகைகளுக்கு அப்படிப் பூக்கும். அது யாரோ காசு கொடுத்து வாங்கி நட்டதா இருக்கலாம்.

*ரெண்டு, பூவோட முதுகு.* இதைப் பலரும் பார்க்கிறதே இல்ல. பூவைத் திருப்பிப் பாருங்க. பச்சையா ஒரு வட்டம் இருக்கும், அது புல்லி இதழ்கள். அதுக்கும் வெளியே இன்னொரு பச்சை வட்டம் இருக்கும். போலி ஸ்ட்ராபெரியில அந்த வெளி வட்டம் அகலமா, குட்டி இலை மாதிரி இருக்கும். நுனியில பெரும்பாலும் மூணு பல் இருக்கும். உண்மையான ஸ்ட்ராபெரியில அதே வெளி வட்டம் ஒல்லியா, கூரா இருக்கும். பூ உதிர்ந்து பழம் வந்த பிறகும் இந்தப் பச்சை வட்டம் பழத்துக்குக் கீழே தட்டு மாதிரி விரிஞ்சு நிக்கும். அதனால பூக்கிற பருவம் முடிஞ்சிருந்தாலும் இந்த அடையாளம் கைவசம் இருக்கு.

*மூணு, பழம் நிக்கிற விதம்.* காட்டு ஸ்ட்ராபெரிப் பழம் காம்பு வளைஞ்சு தொங்கும். போலியோட பழம் காம்பு மேல நிமிர்ந்து, வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும். உருண்டையா, மேலெல்லாம் சிவப்பு விதைகள் துருத்திக்கிட்டு, தொட்டா சொரசொரன்னு இருக்கும். நியூ ஜெர்சி பக்கத்துக் காட்டு ஸ்ட்ராபெரியில விதைகள் சின்னச் சின்னக் குழிக்குள்ள உட்கார்ந்திருக்கும். ரெண்டா வெட்டிப் பாருங்க. போலி உள்ளே வெள்ளையா, பஞ்சு மாதிரி இருக்கும். மோந்து பார்த்தா வாசனையே வராது. ஒரே ஒரு காட்டு ஸ்ட்ராபெரியை நசுக்கினாலும் விரலெல்லாம் மணக்கும்.

இலையிலயும் ஒரு சின்னக் குறிப்பு சொல்றேன், ஆனா இதை மட்டும் நம்பாதீங்க. நியூ ஜெர்சி மண்ணுக்கே உரிய காட்டு ஸ்ட்ராபெரி, ஃப்ராகேரியா வர்ஜினியானா. அதோட நடுச் சிற்றிலையின் நுனிப் பல்லைப் பாருங்க. பக்கத்துல இருக்கிற ரெண்டு பல்லைவிட அது குட்டையா இருக்கும்.

பூ இல்ல, பழம் இல்ல, இலை மட்டும்தான்னா?

காத்திருங்க. மாக் ஸ்ட்ராபெரி வசந்த காலத்துல ஆரம்பிச்சு கோடை முழுக்க விட்டு விட்டுப் பூக்கும். அதனால ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்காது. காத்திருக்கிற நேரத்துல வேற சில செடிகளையும் ஒதுக்கிடலாம்.

ஒரு காம்புல அஞ்சு சிற்றிலை விரிச்ச கை மாதிரி இருந்தா, அது சின்க்ஃபாயில். அதுக்கும் மஞ்சள் பூதான், ஆனா சதைப்பழம் வராது. மூணு சிற்றிலை, மஞ்சள் பூ, ஆனா பழம் காஞ்சு போன மாதிரி சின்ன விதைக் கொத்தா மட்டும் இருந்தா, அது பேரன் ஸ்ட்ராபெரி, அதாவது மலட்டு ஸ்ட்ராபெரி. அது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே சொந்தமான செடி, பிடுங்காதீங்க.

மூணாவதா ஒண்ணு இருக்கு, இதுல மட்டும் ஜாக்கிரதை. பாய்சன் ஐவி. அதுக்கும் மூணு சிற்றிலை. அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் தோட்ட வேலை செய்ற எல்லாரும் இதைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும். எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? ஸ்ட்ராபெரி வகை இலையோட விளிம்பு முழுக்க வரிசையா பல் இருக்கும். பாய்சன் ஐவியில விளிம்பு வழவழன்னு இருக்கும், இல்லன்னா அங்கொண்ணு இங்கொண்ணா ரெண்டு மூணு பெரிய வெட்டு இருக்கும். அதுல நடுச் சிற்றிலைக்கு மட்டும் தனியா நீளமான காம்பு இருக்கும், பக்கத்து ரெண்டுக்கும் காம்பு இருக்கிறதே தெரியாது. தண்டு கட்டை மாதிரி உறுதியா இருக்கும், மரத்துல ஏறினா ரோமம் மாதிரி வேர் விடும்.

அதோட எண்ணெய் தோல்ல பட்டா கொப்பளம்தான். நம்ம ஊர் சேராங்கொட்டையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதோட பால் பட்டா உடம்பு வெந்து போகும்னு பெரியவங்க சொல்வாங்க. பாய்சன் ஐவி, சேராங்கொட்டை, மாமரம், முந்திரி எல்லாம் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகிறவங்க பாய்சன் ஐவிகிட்ட இன்னும் ஜாக்கிரதையா இருக்கிறது நல்லது. அதை வெறும் கையால தொடாதீங்க. பிடுங்கிப் போட்டு எரிக்கவே கூடாது, அந்தப் புகை நுரையீரலுக்குப் போனா ஆபத்து.

தம்பியோட படங்கள்ல பாய்சன் ஐவி தெரியல. ஆனாலும் முதல் தடவை பாத்தியில கை வைக்கிறப்போ முழங்கை வரைக்கும் கையுறை போட்டுக்கோங்க.

இந்தியாவிலிருந்து போன செடி

பேர்லயே 'இண்டிகா' இருக்கு பாருங்க. இந்தியாவில் ஆரம்பிச்சு சீனா, ஜப்பான் வரைக்கும் குளிர்ச்சியான, ஈரமான இடங்கள்ல இது தானா வளர்ற செடி. நம்ம நீலகிரி, பழனி மலைப் பக்கமும் உண்டு. 1807-ல் ஹென்றி ஆண்ட்ரூஸ் என்கிற ஆங்கிலேயர் இதுக்கு ஃப்ராகேரியா இண்டிகான்னு பேர் வெச்சார், அதாவது 'இந்திய ஸ்ட்ராபெரி'. தோட்டத்துக்கு அழகா இருக்குன்னு ஐரோப்பாவுக்குக் கொண்டு போனாங்க. மஞ்சள் பூவும் சிவப்புப் பழமும் ஒரே நேரத்துல இருக்கிறதால நல்லாத்தான் இருக்கும். அங்கேயும் வட அமெரிக்காவிலும் வேலி தாண்டிப் பரவிடுச்சு.

1811-ல் இதை ஸ்ட்ராபெரிகள்லேர்ந்து பிரிச்சு டூஷெஸ்னியான்னு தனிப் பேர் கொடுத்தாங்க. அது அன்டுவான் நிக்கோலா டூஷென் என்கிற பிரெஞ்சு தாவரவியலாளர் நினைவா வெச்ச பேர். அவர் 1766-ல், 20 வயசுக்குள்ளேயே, ஸ்ட்ராபெரிகளைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினவர். இன்னைக்கு நாம கடையில வாங்குற பெரிய ஸ்ட்ராபெரி ஒரு கலப்பினம்னு கண்டுபிடிச்சவரும் அவர்தான். அந்தக் கதையும் சுவாரசியமானது. 1714-ல் ஃப்ரெசியே என்கிற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தர்ற ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கொண்டு வந்தார். வந்து சேர்ந்ததெல்லாம் பெண் செடி. பக்கத்துல வேற இனம் இல்லாதப்போ பூத்தது, காய்க்கல. வட அமெரிக்காவிலிருந்து போன வர்ஜினியானாவைப் பக்கத்துல வளர்த்ததும் மகரந்தம் கிடைச்சு, கலப்பினம் பிறந்தது.

அதாவது தம்பி, உங்க பாத்தியில மஞ்சள் பூவுக்குப் பதிலா வெள்ளைப் பூ இருந்திருந்தா, அது கடை ஸ்ட்ராபெரியின் பெற்றோர்ல ஒண்ணா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அந்த மண்ணுக்கே சொந்தமான செடி. தேனீக்களுக்குப் பூ, பறவைகளுக்குப் பழம். அதைக் களைன்னு நினைச்சுப் பிடுங்கினா நஷ்டம். பிடுங்குறதுக்கு முன்னாடி பூவைப் பாருங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

அப்புறம் 1904-ல் தியோடோர் வோல்ஃப் என்பவர் இதைப் பொட்டென்டில்லா இனத்தோட சேர்த்தார். பின்னாடி வந்த மரபணு ஆய்வுகளும் அது சரின்னு காட்டின. பொட்டென்டில்லா செடிகளுக்குப் பொதுவா சதைப்பழமே கிடையாது. இது மட்டும் தனியா, பூத்தளத்தை உப்ப வெச்சு, சிவப்பாக்கி, ஸ்ட்ராபெரி மாதிரியே ஒண்ணைச் செஞ்சிருக்கு. பறவைகளைக் கூப்பிட்டு விதை பரப்ப ரெண்டு செடியும் தனித்தனியா ஒரே வழியைப் பிடிச்சிருக்கு. இனிப்பும் மணமும் மட்டும் இதுக்கு வரல.

பேர் விஷயத்துல இன்னொண்ணு. சீன மொழி, ஜப்பானிய மொழி, கொரிய மொழி மூணுலயும் இதுக்குப் 'பாம்பு ஸ்ட்ராபெரி' என்கிற பொருள்லதான் பேர். பேரைக் கேட்டு விஷம்னு நினைச்சுக்க வேண்டாம். நம்ம ஊர்ல பாம்புப் புடலைன்னு சொல்றோம், வாங்கிக் கூட்டு வைக்கிறோம் இல்லையா?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல்லேர்ந்து கேக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க பக்கம் இது வேலியோரத்துல தானா இருக்க வேண்டிய செடிதான், அதைப் பார்த்து அலற வேண்டாம். ஃப்ராகேரியா நில்கெரென்சிஸ்னு நீலகிரியோட பேரையே வாங்கின ஒரு உண்மையான காட்டு ஸ்ட்ராபெரியும் உண்டு. அதுக்குப் பூ வெள்ளை. சென்னை, மதுரை மாடித்தோட்டக்காரங்களுக்கு இந்தக் கேள்வி வர வாய்ப்பு கம்மி, நம்ம வெயில் இதுக்கு ஆகாது.

ஏன் இவ்வளவு வேகமா பரவுது?

ரெண்டு வழி. ஒண்ணு பறவை தின்னு எச்சத்துல போடுற விதை. உங்க பாத்திக்கு முதல் செடி அப்படி வந்திருக்கலாம். ரெண்டாவது ஓடுதண்டு. தாய்ச் செடியிலேர்ந்து நூல் மாதிரி ஒரு தண்டு மண்ணு மேல ஓடும். அதுல இடைவெளி விட்டுக் கணு இருக்கும். கணு ஈர மண்ணைத் தொட்டா வேர் விட்டு ஒரு குட்டிச் செடி. அந்தக் குட்டி அடுத்த தண்டை விடும். நடுவுல தண்டை வெட்டிட்டா குட்டி சாகாது, அது ஏற்கெனவே தனிக் குடித்தனம் போயிருக்கும்.

புல்வெளிக்குள்ள போயிட்டா புல் வெட்டுற மெஷின் ஒண்ணும் பண்ணாது. செடி அவ்வளவு குட்டை, பிளேடு தலைக்கு மேலயே போயிடும்.

சரி, பிடுங்கவா விடவா?

அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. ஒரு உயிரைக் காரணமில்லாம பிடுங்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்க அவங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போய் ஒரு பழத்தைக் கழுவி, ரெண்டா வெட்டிக் காட்டுங்க. உள்ளே வெறும் பஞ்சு, வாசனை இல்ல. காய்க்கிற செடிதான், ஆனா நாம எதிர்பார்க்கிற காய்ப்பு அது இல்லன்னு அவங்களே சொல்லிடுவாங்க.

என்னைக் கேட்டா, காய்கறிப் பாத்தியிலேர்ந்து எடுத்துடுங்க. அமெரிக்காவில் இது வெளியூர்ச் செடி, நிறைய இடத்துல ஊடுருவிப் பரவுற களைன்னு கருதுறாங்க. தக்காளி நாத்துக்கு வேண்டிய ஈரத்தையும் இடத்தையும் இது பிடிச்சுக்கும். புல்லும் வளராத நிழலான ஒரு மூலையில, நாலு பக்கமும் சிமென்ட் சூழ்ந்த இடத்துல இருந்தா, உங்க இஷ்டம். ஆனா பக்கத்துல காடோ ஓடையோ இருந்தா அங்கேயும் விடாதீங்க, பறவை கொண்டு போயிடும். வாடகை வீடுங்கிறதால, வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டு ஆரம்பிங்க. அவங்க ஆசையா நட்ட செடியா இருந்தா பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

எடுக்கிற முறை:

1. மழை பெய்ஞ்ச மறுநாள் இறங்குங்க. மண்ணு ஈரமா இருந்தா வேரோட வரும். காஞ்ச மண்ணுல இழுத்தா மேல இருக்கிறது மட்டும் கையோட வரும், அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கும்.

2. முதல்ல தாய்ச் செடியைக் களைக்கொத்தியால நெம்பி எடுங்க. அப்புறம் ஒவ்வொரு ஓடுதண்டையும் விரலால தொடர்ந்து போய், ஒவ்வொரு கணுவையும் எடுங்க. தண்டு அறுந்தா, அறுந்த இடத்துலேர்ந்து திரும்பத் தேடுங்க.

3. பழம் பழுக்கிறதுக்கு முன்னாடி செஞ்சுடுங்க. பழம் இருந்தா அதைத் தனியா ஒரு கவர்ல பறிச்சுப் போட்டுட்டு அப்புறம் செடியை எடுங்க, விதை கீழே சிந்தாது.

4. பிடுங்கினதை வீட்டு உரக்குழியில போடாதீங்க. கணுவுக்கு ஈரம் கிடைச்சா அங்கேயே வேர் விடும். கவர்ல கட்டி வெளியே அனுப்பிடுங்க.

5. காலியான இடத்துல அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிங்க, டேப்பை உரிச்சுட்டு. மேல மூணு நாலு அங்குலத்துக்கு மரத்தூளோ காஞ்ச இலையோ போடுங்க. வெளிச்சம் இல்லன்னா மிச்சம் மீதி எழும்பாது. தக்காளி நடுற இடத்துல மட்டும் அட்டையில ஓட்டை போட்டுக்கலாம்.

6. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் சுத்திப் பாருங்க. இந்த சீசன் முழுக்கப் பார்க்கணும், அடுத்த வசந்தத்துலயும் ஒரு தடவை பார்க்கணும். ஒரே நாள்ல முடியுற வேலை இல்ல.

களைக்கொல்லி அடிக்கலாமான்னு கேக்கிறவங்களுக்கு: காய்கறிப் பாத்தியில வேண்டாம். அகன்ற இலைக் களைகளைக் கொல்ற மருந்துக்குத் தக்காளியும் வெண்டையும்கூட அகன்ற இலைச் செடிதான். காத்துல கொஞ்சம் சாரல் பட்டாலே தக்காளி இலை சுருண்டுடும். அதுவும் மூணு வயசுக் குழந்தை ஓடியாடுற இடம்.

இன்னும் சந்தேகம் இருந்தா

படம் எடுக்கிறப்போ நாலு படம் எடுங்க. பூவை நேரா ஒண்ணு, பூவைத் திருப்பிப் பின்பக்கம் ஒண்ணு, பழத்தைப் பக்கவாட்டுல ஒண்ணு, முழுச் செடி தரையோட ஒண்ணு. எந்த ஆப்பா இருந்தாலும் இந்த நாலும் இருந்தா பதில் நல்லா வரும். ஐநேச்சுரலிஸ்ட்ல போட்டா, செடி தெரிஞ்ச மனுஷங்களே பார்த்துச் சரி பண்ணுவாங்க. நியூ ஜெர்சியில ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோட விரிவாக்க சேவை இருக்கு. உங்க மாவட்ட அலுவலகத்துல தோட்டத் தன்னார்வலர்கள்கிட்ட கேக்கலாம். மத்த மாநிலங்கள்லயும் இதே மாதிரி ஒரு பல்கலைக்கழகச் சேவை உண்டு.

அவ்வளவுதான் தம்பி. மஞ்சள் பூ, அகலமான பச்சைத் தட்டு, நிமிர்ந்த பழம். இந்த மூணும் சேர்ந்திருந்தா மாக் ஸ்ட்ராபெரி. கையுறை போட்டுக்கிட்டு மழைக்கு அடுத்த நாள் இறங்குங்க, தக்காளி நாத்து வாங்குறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

உங்க வீட்டுத் தொட்டியிலயோ பாத்தியிலயோ பேர் தெரியாம ஏதாவது முளைச்சிருந்தா, நான் சொன்ன மாதிரி நாலு படம் எடுத்து, எந்த ஊர்னு சேர்த்து அனுப்புங்க. அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோட வர்றேன்.